ஜோஜிலா திறந்திருக்கிறதா?

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே போகத் திட்டமாம். வழியில், குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும் ஜோஜிலா மலைக்கணவாயைத் தாண்ட வேண்டும். "நீங்க போயிருக்கீங்களே, ஜோஜிலா அப்போ திறந்திருக்குமா?" என்று கேட்டார். திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். சில வருடங்களாக மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ திறந்துவிடுகிறார்கள், அதனால் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் குழம்பித்தான் போயிருப்பார். அன்றிலிருந்து இந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டிருக்கிறேன். கணவாய்க்குக் கீழே, காஷ்மீர்ப் பக்கத்துச் சோனாமர்க் சாலையில் நின்றுகொண்டு, ஒரு போலீஸ்காரரிடம், கோபமாக.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. கார்கிலில் என் கல்லூரி நண்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஸ்ரீநகரில் ஷேர் டாக்ஸி ஏறினால் மாலைக்குள் கார்கில். 200 கிலோமீட்டர்தான். அந்த வருடம் மார்ச்சிலேயே கணவாயைத் திறந்துவிட்டதாகச் செய்தியில் படித்திருந்தேன். செல்போனில் வானிலையும் பார்த்தேன். சோனாமர்க்கில் வெயில், 9 டிகிரி. வேறென்ன வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டியில் ஓட்டுநரோடு எட்டுப் பேர். ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், திராஸ் பக்கத்து ஆள். எல்லோரும் அவரைச் சாச்சா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைப் பேட்டா என்றார். நடு இருக்கையில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய ஜனவரியில் ஸ்ரீநகர் வந்தவர்கள். ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்காருவதற்குள் கணவாய் மூடிவிட்டது. குளிர்காலத்தில் கார்கில் மக்களுக்காக விமானப் படையின் ஏ.என்.-32 பறக்கும், கார்கில் கூரியர் என்பார்கள். ஆனால் மேகம் இறங்கினால் அதுவும் கிடையாது, பறக்கும் நாளில் இடம் கிடைப்பதும் பெரும்பாடு. இவர்களுக்குக் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையிலேயே குளிர்காலம் கழிந்திருக்கிறது. கணவாய் திறந்த பிறகும், உடம்பு தேறட்டும் என்று டாக்டர் இன்னும் சில வாரம் நிறுத்தி வைத்துவிட்டார். வண்டியின் கூரையில் மூட்டைகளுக்கு நடுவே ரோஸ் நிறத்தில், குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கட்டியிருந்தது. பிப்ரவரியில் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பாட்டியும் தாத்தாவும் அதைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

வெயில் அடித்த அந்த வெள்ளிக்கிழமை

காலை பத்து மணிக்குச் சோனாமர்க்கில் வண்டியை நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே லாரிகளும் டாக்ஸிகளும் நீண்ட வரிசையில் நின்றன. சீசன் தொடக்கத்தில் மேலே சாலை ஒரு வண்டி போகிற அகலம்தான் இருக்கும், அதனால் சோனாமர்க் பக்கத்திலிருந்து சில மணி நேரம் அல்லது ஒரு நாள், எதிர்ப்பக்கம் மினமர்க்கிலிருந்து சில மணி நேரம் அல்லது ஒரு நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அன்று எங்கள் பக்கத்து முறை. ஆனாலும் யாரையும் விடவில்லை. முதல்நாள் இரவு வரை இரண்டு நாளாக மேலே புதுப்பனி விழுந்திருந்ததாம். இப்போது மருந்துக்கும் மேகம் இல்லை. வானம் அடர்நீலம். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது, ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடு. பனி பெய்தபோது நிறுத்தினால் நியாயம், இப்போது எதற்கு நிறுத்துகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நண்பன் வேறு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குப் பொறுமை போய்விட்டது. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரரிடம் போனேன். முகத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கணவாய் திறந்திருக்கிறதா இல்லையா, ஒன்று சொல்லுங்கள் என்றேன். திறந்திருக்கிறது, இன்று வண்டி விடவில்லை என்றார். அந்தப் பதில் என்னை இன்னும் கிளறிவிட்டது. மேலே கையைக் காட்டி, "வானம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க சார்!" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான் காட்டிய திசையில் ஒருமுறை பார்த்துவிட்டு, "அதனாலதான் சார்" என்றார்.

என்னைச் சமாளிக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தால் சாச்சா வண்டியின் பானட்டில் சாய்ந்து நின்று உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். குளிர்காலம் முழுக்க விழுந்த பழைய பனி கெட்டிப்பட்டு, மேலே கண்ணாடிபோல ஒரு தகடு படிந்துவிடுகிறது. அதன்மேல் இப்போது புதுப்பனி உட்கார்ந்திருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை. இரவில் உறைந்திருக்கும்போது அது பேசாமல் கிடக்கும். மேகம் மூடிய நாளிலும் ஓரளவு தாங்கும். வெயில் ஏறினால்தான் ஆபத்து. மேல்பனி உருகித் தண்ணீர் உள்ளே இறங்கும், அந்தத் தகட்டை அடையும், அப்புறம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும். புதுப்பனி விழுந்து முதல் ஒன்றிரண்டு நாள், அதிலும் நல்ல வெயில், அதிலும் மதியத்துக்கு மேல். அந்த நேரத்தில் மேலே போகவே கூடாது என்றார். பனிச்சரிவை அவர் கிளேசியர் என்றுதான் சொன்னார். தேநீர்க் கோப்பையைச் சாய்த்து, விளிம்பில் ஒட்டியிருந்த ஆடை சறுக்கி இறங்குவதைக் காட்டினார்.

எனக்குள் அப்போதும் ஒரு பிடிவாதம் இருந்தது. சொன்னது அறிவுக்குப் புரிந்தது, ஆனால் அந்த நீல வானத்தைப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. நம் ஊரில் வானம் தெளிந்தால் ஆபத்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். புயல் போனபின் வெளுக்கும் வானத்தைப் பார்த்து வெளியே வந்து பழகியவன் நான். முப்பது வருடப் பழக்கத்தை ஒரு கோப்பைத் தேநீர் மாற்றிவிடாது.

இரண்டரை மணி இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சுண்ணாம்புக் கோடு இழுத்தமாதிரி ஒரு வெள்ளைப் புகை தெரிந்தது. அது மெதுவாகத்தான் இறங்குகிறதாகப் பட்டது. தூரம் அப்படி ஏமாற்றியது. கோடு அகலமானது, இரண்டாகப் பிரிந்தது, ஓடைப் பள்ளத்தில் மறுபடி சேர்ந்தது. சத்தம் அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது. இடிபோல இல்லை. தூரத்தில் பெரிய லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறமாதிரி, நிற்காமல் கொட்டுகிறமாதிரி இருந்தது. வரிசையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அரை நிமிடம்கூட இருக்காது. புகை அடங்கியதும் மலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பழுப்புத் தழும்பு. அடியில் மண் தெரிந்தது. அங்கே சாலை இல்லை, ஆட்கள் யாரும் இல்லை. அந்தச் சரிவைப் போலவே நிமிர்ந்த சரிவுகளுக்குக் கீழேதான் ஜோஜிலா சாலை போகிறது என்பதும், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அங்கே என்னை விடச் சொல்லித்தான் சண்டை போட்டேன் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். நடு இருக்கையில் அந்தப் பெரியவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பேரக்குழந்தையைப் பார்க்க மாதக்கணக்காகக் காத்திருந்தவர் அவர். காலையிலிருந்து ஒருமுறைகூட எப்போது விடுவார்கள் என்று கேட்கவில்லை.

உயரம் இல்லை, ஈரம்

அன்று இரவு தாபாவின் மாடி அறையில் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு, இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று யோசித்தேன். நாம் மலைக்கணவாய்களை அடிக்கணக்கில்தான் பேசுகிறோம். லடாக்கின் கர்துங்லா கணவாயில் 18,380 அடி என்று போட்ட மஞ்சள் பலகையில் படம் எடுக்காதவர் இல்லை. உண்மையில் அது 17,582 அடிதான், ஆனால் அதைப் பற்றி யாருக்குக் கவலை. அந்தக் கணக்கில் பார்த்தால் ஜோஜிலா சின்னப் பையன். 11,575 அடி. பைக் பயணிகள் அதைத் தாண்டிப் போவதைச் சாதனையாகவே சொல்வதில்லை. ஆனால் 17,000 அடிக்கு மேல் இருக்கும் கர்துங்லா குளிர்காலத்திலும் பெரும்பாலும் வண்டி போகிற நிலையில் இருக்க, ஜோஜிலா வாரக்கணக்கில் மூடிக்கிடக்கிறது.

காரணம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும், மேற்கத்தியக் கலக்கங்கள் எனப்படும் புயல் அமைப்புகள் ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டிக் காஷ்மீருக்கு வருகின்றன. ஈரம் சுமந்து வரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலேறும் இடங்களில் ஜோஜிலாவும் ஒன்று. சுமையில் பெரும்பகுதியைக் காஷ்மீர்ப் பக்கத்திலும் கணவாயின் தலையிலும் இறக்கிவிட்டுத்தான் அது லடாக்குக்குள் போகிறது. லேயில் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் மழையும் பனியும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் ஒரு நல்ல மழை நாளில் கொட்டிவிடும் அளவு. ஆகவே ஜோஜிலாவின் பிரச்சினை உயரம் இல்லை. ஈரமான நாட்டுக்கும் வறண்ட நாட்டுக்கும் நடுவில் இருக்கும் வாசல்படி அது. என் செல்போன் சொன்ன 9 டிகிரி சோனாமர்க்குக்குச் சரி. கணவாய் அங்கிருந்து சுமார் 800 மீட்டர் மேலே. ஐந்து டிகிரியாவது கழித்துக்கொள்ள வேண்டும். கீழே லேசான தூறல் என்றால் மேலே பனி. ஊரின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கணவாய்க்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம்.

விடியற்காலை

நாலரை மணிக்குச் சாச்சா தட்டி எழுப்பினார். வானம் முந்தின நாளைப் போலவே தெளிவு, ஆனால் இப்போது நட்சத்திரங்கள். மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினார். சங்கிலியை ஏணிபோல விரித்துப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் போட்டு, வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். அப்புறம் மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு நுனியையும் சக்கரத்தைச் சுற்றி இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். உள்பக்கத்துக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் தேட வேண்டும், கையுறை போட்டால் விரலுக்குத் தெரியாது. அதனால் கையுறையைப் பல்லால் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரும்பில் தோல் ஒட்டிப் பிரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு சக்கரத்துக்கும் மாட்டிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டி, இறங்கி, தளர்ந்த சங்கிலியை மறுபடி இறுக்கினார். ஐந்தரைக்குத் தடுப்பைத் தூக்கினார்கள். அதே இளம் போலீஸ்காரர்தான். நான் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டேன். "சீக்கிரம் போங்க, நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏற்றம் தொடங்கியதும் சாச்சா பாட்டை நிறுத்திவிட்டார். கீழே பால்டால் பள்ளத்தாக்கு, அமர்நாத் யாத்திரைக் காலத்தில் கூடாரங்களால் நிறைந்திருக்கும் இடம், அப்போது வெறும் வெள்ளை. சாலையோரத்தில் தடுப்புச் சுவர் பல இடங்களில் இல்லை. அடியில் சேறு உறைந்து தண்டவாளம்போலப் பள்ளம் விழுந்திருந்தது, சங்கிலி அதைக் கடித்துக்கொண்டே ஏறியது. மேலே போகப்போக இரண்டு பக்கமும் பனிச்சுவர் எழுந்து வண்டியின் கூரையைத் தாண்டிவிட்டது. ஓரிடத்தில் இரவோடு இரவாக ஒரு சரிவு சாலையில் விழுந்திருந்தது. புல்டோசர் அதை வெட்டி வழிவிட்டுக்கொண்டிருந்தது, நாங்கள் சில நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. கண்ணாடி வழியே கையை நீட்டி அந்தப் பனியைத் தொட்டேன். பஞ்சுபோல இருக்கும் என்று நினைத்த கைக்கு அது கான்கிரீட்டாக இருந்தது. நகத்தால் கீறினாலும் பெயரவில்லை. உள்ளே உடைந்த பூர்ஜ மரக்கிளைகளும் உள்ளங்கை அளவு கற்களும் பதிந்திருந்தன. இறங்கும்போது பொடியாக இறங்குவது நின்ற கணத்தில் இப்படி இறுகிவிடுகிறது. உள்ளே மாட்டியவரைத் தோண்டி எடுப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று அந்த ஒரு தொடலில் புரிந்தது. புல்டோசர் ஓட்டியவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர் வெட்டிக்கொண்டிருந்த சரிவுக்கு மேலே இன்னும் விழாத பனி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்ரீநகர்ப் பக்கத்திலிருந்து ஜோஜிலா வரை எல்லைச் சாலை அமைப்பின் பீக்கன் பிரிவும், லடாக் பக்கத்திலிருந்து விஜயக் பிரிவும் பனியை வெட்டிக்கொண்டு வருகின்றன. முன்பெல்லாம் ஐந்தாறு மாதம் மூடிக்கிடந்த கணவாய் இது. 2021-இல் 110 நாள், 2022-இல் 73 நாள், 2023-இல் 68 நாள், 2024-இல் 35 நாள், 2025-இல் 32 நாள் என்று குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சாதனை என்று செய்தி வருகிறது. சாதனைதான், எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த இளைஞரின் நிமிராத தலைதான் நினைவுக்கு வருகிறது. சீக்கிரம் திறப்பது என்றால், பனிச்சரிவு அதிகமாக விழும் வாரங்களிலேயே சாலையையும் ஆட்களையும் அந்தச் சரிவுகளுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவது என்றுதான் அர்த்தம். நாள் கணக்கை மட்டும் எடுத்து மார்தட்டுவது எனக்கு ஒட்டவில்லை. நாங்கள் நின்ற அந்த வெள்ளிக்கிழமையும் கணக்கில் 'திறந்திருந்த' நாள்தான். அன்று ஒருவரும் சாகாமல் இருந்ததற்குக் காரணம், திறந்திருந்த சாலையில் வண்டி விட மாட்டேன் என்று சொல்ல ஒருவர் இருந்தது.

இந்த மலையில் வழி வெட்டியவர்களில் நம் ஆட்களும் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1948-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரில் கணவாய் எதிரிகள் கையில் இருந்தபோது, பால்டாலிலிருந்து மேலே போன கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் சாலையாக மாற்றியவர்கள் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். நவம்பர் 1-ஆம் தேதி 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அந்தச் சாலையில் ஏறிப் போய்க் கணவாயைப் பிடித்தன. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் திம்மையா முன்னணி டாங்கி ஒன்றில் தானே போனார். டாங்கிகள் ஏறிய கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் வழி வெட்டிய கைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தெற்கிலிருந்து போனவர்கள், அக்டோபர் குளிரில், இயந்திரம் போதாமல், மேலே எதிரி உட்கார்ந்திருக்க.

இப்போது மலைக்குள்ளேயே சுமார் 13 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை குடைகிறார்கள். 2020 அக்டோபரில் தொடங்கிய வேலை. அதற்குக் கீழே, சோனாமர்க் வரைக்கும் வரும் 6.5 கிலோமீட்டர் சுரங்கம் 2025 ஜனவரியிலேயே திறந்தாகிவிட்டது. சுரங்கம் வந்தால் ஜோஜிலாவின் அழகு போய்விடும், சாகசம் போய்விடும் என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களோடு என்னால் கொஞ்சமும் ஒத்துப்போக முடியவில்லை. ஆபரேஷன் செய்த உடம்போடு மாதக்கணக்கில் ஓர் அறையில் கிடந்த அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் அந்த வருத்தம் வராது. பழைய சாலை எங்கும் போய்விடாது, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோடையில் போய்ப் பார்க்கட்டும்.

அலுவலக நண்பருக்கு நேற்று போன் செய்தேன். ஸ்ரீநகரில் இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல்நாள் மாலை போக்குவரத்துப் போலீஸ் வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள், மேலே பனி விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஓட்டுநரிடம் கேளுங்கள், விடியுமுன் கிளம்புங்கள், நிறுத்தினால் நில்லுங்கள் என்றேன். "அப்போ திறந்திருக்குமா, இருக்காதா?" என்று மறுபடி கேட்டார். அன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நாங்கள் கணவாயைத் தாண்டிக் கும்ரியில் இருந்தோம். சாச்சா வண்டியை நிறுத்தி, இறங்கி, முதுகை நிமிர்த்தினார். அப்புறம் பாட்டைப் போட்டார். மினமர்க் தாண்டியதும் மலைகளின் நிறமே மாறியது, பனிக்கு நடுவில் மண்ணும் பாறையும் தெரிந்தன. மதாயன் கிராமத்தில் தம்பதி இறங்கினார்கள். ஒரு பெண் மூட்டைபோலச் சுற்றிய குழந்தையோடு சாலையோரத்தில் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. அந்த அம்மா குழந்தையைக் கையில் வாங்கினார், முகத்தை மூடியிருந்த துணியை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார், அப்படியே நின்றார். சாச்சா கூரையில் ஏறி ரோஸ் நிறத் தொட்டியின் கயிற்றை அவிழ்த்தார். தாபாவின் கூரையிலிருந்து முந்தின நாள் சொட்டிய தண்ணீர் அதில் விழுந்து இரவில் உறைந்திருந்தது. பெரியவர் தொட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். தொட்டியின் வடிவத்திலேயே ஒரு பனிக்கட்டி சாலையோரத்தில் விழுந்தது. தொட்டியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அவர் பேரக்குழந்தையிடம் போனார்.